பாயேற்றும் கயிறு: மரக்கல வரலாற்றில் மறக்கப்பட்ட ஓர் உறுப்பு

திருக்குர்ஆனின் 55-ஆம் அத்தியாயமான சூரா அர்-ரஹ்மான், கடலில் மலைகளைப் போல் உயர்ந்து செல்லும் மரக்கலங்களை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எடுத்துரைக்கிறது. அங்கு ஆளப்பட்டுள்ள 'அல்-முன்ஷஆத்' என்னும் சொல்லுக்கு, ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த விரிவுரையாளர் முஜாஹித் (ரஹ்) அவர்கள் தந்த விளக்கத்தை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார்கள். பாய் உயர்த்தப்பட்ட கலமே 'முன்ஷஆத்' என்பதும், பாய் உயர்த்தப்படாதது அப்பெயருக்கு உரியதன்று என்பதும் அவ்விளக்கத்தின் சாரம். மக்காவில் வாழ்ந்த ஒரு தாபிஈ, கடற்கலத்தின் இலக்கணத்தையே பாய் ஏறியிருப்பதில் கண்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாய் தானே ஏறுவதில்லை. அதை ஏற்றுவது ஒரு கயிறு. பாய்மரத்தின் உச்சியில் ஒரு துளை வழியாகவோ கப்பி வழியாகவோ சென்று, ஒரு முனையில் பருமலையும் மறுமுனையில் மனிதக் கைகளையும் கொண்ட அக்கயிற்றை இக்கட்டுரையில் 'ஏற்றுகயிறு' என்று குறிப்போம். நம் கடலோடி முன்னோரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் விண்மீன்களைப் பேசுகின்றன. 'கமால்' என்னும் அளவுகோலைப் பேசுகின்றன. முக்கோணப் பாயைப் பெருமையுடன் பேசுகின்றன. ஏற்றுகயிற்றைப் பேசிய கட்டுரையை இக்கட்டுரையாளன் தமிழில் கண்டதில்லை. ஆனால் கலம் ஒன்றின் பாய் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், அதற்கு எத்தனை ஆட்கள் வேண்டும், புயல் தாக்கும்போது எவ்வளவு விரைவில் அதை இறக்க முடியும் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கயிறுதான்.

அரபுக் கலங்களின் பாயை 'முக்கோணப் பாய்' என்று சொல்வது வழக்கம். உண்மையில் வளைகுடாவிலும் ஓமானிலும் வழங்கிய பாய்களிற் பெரும்பாலானவை நாற்கோணமானவை. முன்விளிம்பு மட்டும் மிகக் குட்டையாக இருப்பதால் தொலைவில் முக்கோணமாகத் தோன்றும். முன்விளிம்பைச் சற்று நீட்டிப் பின்னுச்சியைச் சற்றுத் தாழ்த்தினால், ஐரோப்பியக் கரையோர மீனவர் தம் சிறுபடகுகளில் கட்டிய 'லக்' பாய் கிடைத்துவிடும். இரண்டிலும் ஒரு சாய்ந்த பருமல் உண்டு. இரண்டிலும் அப்பருமலை ஏறத்தாழ ஓர் இடத்தில் பிணைத்து ஒற்றைப் புள்ளியில் தொங்கவிடுவது ஏற்றுகயிறு. இரண்டிலும் பருமல் மரத்தை விட்டு விலகி ஆடாதிருக்க மரத்தைச் சுற்றி ஒரு தளர்ந்த வளையம் தேவை. வளைகுடா மக்கள் பாய்மரத்தைத் 'தகல்' என்றும் அதிற் தொங்கும் சாய்மரத்தைப் 'ஃபர்மன்' என்றும் வழங்குவர். நம் நெய்தல் நில வழக்கிலும் மலையாளத்திலும் உள்ள 'பருமல்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் உள்ள ஒலியொப்புமையை மொழியறிஞர்களின் கவனத்திற்கு விட்டுவிடுகிறேன். சுக்கான், மாலுமி ஆகியவை அரபியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் நம்மிடம் வந்தவை என்பது பலரும் அறிந்ததே.

எதிர்த்திசையில் பயணம் செய்த ஒரு சொல்லும் உண்டு. அது 'கயிறு'. தமிழ்-மலையாளக் கரையின் இச்சொல்லே போர்த்துக்கீசியரின் வாயில் 'கைரோ' ஆகி, பின்னர் ஐரோப்பிய மொழிகளில் தென்னை நாரைக் குறிக்கும் பெயராக நிலைத்தது. அரபியர் அதைக் 'கின்பார்' அல்லது 'கன்பார்' என்றனர்.

இந்த நாரைப் பற்றி நம் பழம் பயணிகள் எழுதியவை மதிப்பு மிக்கவை. ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டினரான அபூ ஸைத் அஸ்-ஸீராஃபீ, ஓமானிய மக்கள் தச்சுக் கருவிகளுடன் தென்னை வளரும் தீவுகளுக்குச் சென்று, அங்கேயே மரத்தை வெட்டிப் பலகையாக்கி, நாரைத் திரித்துப் பலகைகளைத் தைத்து, அதே மரத்தில் பாய்மரம் செய்து, ஓலையில் பாய் முடைந்து, நாரில் கயிறுகள் முறுக்கி, முடிவில் தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு திரும்பியதை விவரிக்கிறார். ஒரே மரம் கலமாகவும் கயிறாகவும் பாயாகவும் சரக்காகவும் ஆனது! 1183-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், செங்கடலின் ஐதாப் துறைமுகத்தில் 'ஜிலாப்' எனப்பட்ட கலங்களைக் கண்டார். ஆணி ஒன்றுகூட அடிக்கப்படாமல் கின்பார் கயிற்றால் தைக்கப்பட்டவை அவை. பாய்கள் முக்ல் மரத்தின் ஓலையால் முடையப்பட்டவை. அவற்றின் உரிமையாளர்கள் ஹாஜிகளைக் கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் நெருக்கி ஏற்றியதையும், கலம் கரைசேர்வதைப் பற்றி அவர்கள் கவலைப்படாததையும் அவர் கடிந்தே எழுதுகிறார். ஓலைப் பாயும் நார்க்கயிறும் அன்றைய ஹாஜியின் உயிரைத் தாங்கியவை. அவற்றைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற வினா அன்றே எழுந்திருந்தது.

மாலத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா 1340-களில் கண்டது இன்னும் விரிவானது. தேங்காய் மட்டைகளைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, கொட்டாப்புளியால் அடித்து, பின்னர் பெண்கள் நூற்பார்கள் என்றும், அக்கயிறு சீனம், இந்தியா, யமன் நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். சணலினும் அது சிறந்தது என்பது அவர் மதிப்பீடு. இந்தக் கடலில் பாறைகள் மிகுதி. இரும்பாணி அடித்த கலம் பாறையில் மோதினால் பிளக்கும். கயிற்றால் தைத்த கலமோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்று காரணமும் கூறுகிறார்.

நெகிழ்ச்சியே தென்னை நாரின் தனிக்குணம். உப்புநீர் அதைக் கெடுப்பதில்லை. நன்னீரில் கிடந்தால்தான் அழுகும். நீரில் மிதக்கும். திடீர் இழுப்பு வந்தால் அறுவதற்கு முன் நீளும். நங்கூரக் கயிற்றுக்கும் பலகைத் தையலுக்கும் இவை உயர்ந்த குணங்கள். ஏற்றுகயிற்றுக்கோ இவை பாதி நன்மை, பாதி தொல்லை. பருமலை உச்சிக்கு இழுத்துக் கட்டிய பிறகு கயிறு மெல்ல மெல்ல நீள, பருமல் தாழும். பாயின் முன்விளிம்பு தளர்ந்து சுருக்கம் விழும். காற்றை எதிர்த்து நெருங்கிச் செல்லும் ஆற்றல் குறையும். ஆகவே தென்னங்கயிறு கட்டிய கலத்தில் ஏற்றுகயிற்றை அடிக்கடி இறுக்குவது மாலுமிகளின் அன்றாட வேலையாயிற்று. ஆனால் சூறைக்காற்றின் முதல் அடியை அதே நெகிழ்ச்சிதான் பருமலுக்கும் மரத்துக்கும் போய்ச் சேராமல் தடுத்தது. இதைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

கயிற்றுக்குப் பின்னால் ஓர் அரசியலும் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தம் போர்க்கலங்களுக்காக மாலத்தீவிடம் திறையாகக் கேட்டது பொன்னன்று, கயிறு. இலட்சத்தீவுகளின் மீது ஆட்சி செலுத்திய கண்ணூர் அறக்கல் அலி ராஜாக்கள், 18-ஆம் நூற்றாண்டில் கயிற்று வணிகத்தைத் தம் தனியுரிமையாக்கினர். தீவு மக்கள் தாம் திரித்த கயிற்றைக் குறித்த விலைக்கு அரசுக்கே விற்று, மாற்றாக அரிசி பெறவேண்டும். அந்த மாற்று வீதத்தில் மக்கள் பட்ட துயரமே அமினி முதலிய வடதீவுகள் 1780-களில் திப்பு சுல்தானிடம் அடைக்கலம் தேடியதற்கு ஒரு காரணம். ஆள்வோரும் முஸ்லிம்கள், ஆளப்படுவோரும் முஸ்லிம்கள். இருந்தும் ஒரு கயிற்றுக்கட்டுக்கு எத்தனை படி அரிசி என்ற கணக்கு அவர்களைப் பிரித்தது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அத்தீவுகள் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குச் சென்றன. கயிறு கொடுத்து அரிசி வாங்கும் முறை அதன்பின்னும் தொடர்ந்தது. அரபுக் கடலோடிகளின் புகழைப் பாடும்போது, குழிக்கரையில் அமர்ந்து மட்டையடித்த தீவுப் பெண்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி, நம்மிடையே வேரூன்றிய ஒரு கூற்றைச் சற்று ஆராய்வோம். முக்கோணப் பாயைக் கண்டுபிடித்தவர்கள் அரபியர் என்றும், அவர்களே அதை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுசென்றனர் என்றும் பல நூல்கள் கூறின. ஜார்ஜ் ஹூரானி 1951-இல் வெளியிட்ட அரபுக் கடலோட்டம் பற்றிய நூலும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. ஆனால் லயனல் காஸன் 1956-லேயே, இஸ்லாத்தின் வருகைக்கு முன்னரே மத்தியதரைக் கடலில் இத்தகைய பாய் இருந்தமைக்குச் சான்று காட்டினார். துருக்கியின் தென்கரையிலுள்ள கெலெண்டெரிஸில் 1992-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட தரைச்சித்திரம் அதை உறுதி செய்தது. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6-ஆம் நூற்றாண்டையோ சேர்ந்த அச்சித்திரக் கலத்தில் சாய்ந்த நீண்ட பருமல் தெளிவாக இருக்கிறது. ஜூலியன் விட்ரைட் போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய கலங்களை அடையாளம் காணக் கையாளும் குறிகளுள் ஒன்று, பாய்மர உச்சியில் முன்னோக்கி வளைந்த கொக்கி போன்ற அமைப்பு. அது ஏற்றுகயிற்றின் உருளைகள் பொருந்தும் இடம். பாயின் வடிவம் ஓவியனின் கையில் மாறிப் போகலாம். கயிறு ஏறும் உச்சியின் அமைப்பு உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

செங்கடற் பக்கத்திலும் நிலைமை எதிர்பார்த்ததற்கு மாறானது. எகிப்தின் குஸைர் அல்-கதீமில் 1999 முதல் 2003 வரை நடந்த அகழ்வில் உரோமர் காலத்துப் பாய்த்துணித் துண்டுகள், பாய்க்கயிறுகள் ஊடுருவும் வளையங்கள், கப்பி உறுப்புகள் ஆகியன கிடைத்தன. அவை சுட்டுவது குறுக்குப் பருமலில் தொங்கும் சதுரப் பாயை. பாய்த்துணியிலோ இந்தியப் பருத்தி! இதே இடத்தில் கிடைத்த ஒரு பானைத் துண்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதப்பட்டிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக்காட்டினார். பானையைத் தொங்கவிடும் கயிற்று உறி என்பது அவர் கொண்ட பொருள். தமிழ் எழுத்து செங்கடலில் விட்டுச்சென்ற மிகச் சில சொற்களில் ஒன்று கயிற்றைப் பற்றியது என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

ஆக, முக்கோணப் பாயை நாம் கண்டுபிடித்தோம் என்ற பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்ற கதையும் இவ்வாறே ஆய்வில் நிற்கவில்லை. அதனால் 'கிதாபுல் ஃபவாயித்' எழுதிய அப்பேரறிஞரின் மதிப்பு குறைந்துவிடவுமில்லை. பிறரிடமிருந்து பெற்ற ஒரு பாயை இந்தப் பருவக்காற்றுக் கடலுக்கு ஏற்ப இவ்வளவு பெரிதாக வளர்த்து, அதை ஏற்றவும் இறக்கவும் வழி கண்டது சிறிய செயலன்று.

அந்த வழி எப்படியிருந்தது என்பதை ஆஸ்திரேலியக் கடலோடி ஆலன் வில்லியர்ஸ் தம் கண்ணால் கண்டு எழுதினார். 1938 டிசம்பரில் ஏடனில், குவைத்தின் நாகுதா அலீ பின் நாஸிர் அந்-நஜ்தீ அவர்களின் 'பூம்' வகைக் கலத்தில் ஏறி, கிழக்காப்பிரிக்கக் கரை வழியே சான்ஸிபார், ரூஃபிஜி ஆற்றுமுகம் வரை சென்று, 1939-இல் குவைத் திரும்பியவர் அவர். அக்கலங்களின் பருமல் ஒரே மரமன்று. பல மரங்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்துக் கட்டிய நீண்ட தண்டு. அதில் பாயைச் சுருட்டி, எளிதில் அறுகின்ற மெல்லிய கட்டுகளால் பிணைத்து, முழுப் பருமலையும் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பாட்டுடன் உச்சிக்கு இழுப்பார்கள். உச்சி சேர்ந்தபின் பாயின் பின்முனைக் கயிற்றை இழுத்தால் கட்டுகள் படபடவென்று அறுந்து பாய் ஒரு நொடியில் விரியும். பருமல் ஏறுவதற்கு முன்னரே காற்று பாயைப் பிடித்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

பருமலின் எடையைத் தாங்கும் ஏற்றுகயிறு மர உச்சியின் உருளைகள் வழியே பின்பக்கமாக இறங்கி, தளத்தருகே ஒரு பெரும் கப்பியில் முடியும். பின்னோக்கி இறங்குவதால் அதுவே பாய்மரத்தைப் பின்னிருந்து தாங்கும் கயிறாகவும் பயன்பட்டது. ஒரு கயிற்றுக்கு இரண்டு வேலை. இதன் விளைவாக, அக்கயிறு அறுந்தால் பாய் விழுவதோடு நில்லாது. மரத்தின் தாங்கலும் போய்விடும். காற்று மிகும்போது பாயைப் பகுதியாகச் சுருக்கும் வழக்கம் இக்கலங்களில் இல்லை. பெரிய பாயை இறக்கிச் சிறிய பாயைக் கட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். திசை மாற்றும்போதும் காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றி, பருமலை நிமிர்த்தி, மரத்தின் முன்புறமாக மறுபக்கம் கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏற்றுகயிறே மையம். இத்தனை ஆட்கள் தேவைப்பட்ட இப்பாய், கூலி உயர்ந்து இயந்திரம் வந்தவுடன் வணிகக் கலங்களிலிருந்து விரைவாக மறைந்தது வியப்பன்று.

மறைந்ததை மீட்க இரு முயற்சிகள் நடந்தன. சுல்தான் காபூஸ் அவர்களின் ஆதரவில் டிம் செவெரின் ஓமானின் ஸூர் நகரில் 'ஸுஹார்' என்னும் கலத்தைக் கட்டினார். ஏறத்தாழ 80 அடி நீளம். மலபாரிலிருந்து வந்த அயனி மரம். தைப்பதற்குச் சுமார் 400 மைல் நீளமான தென்னங்கயிறு என்பது அவர் தரும் கணக்கு. தைத்துக் கட்டும் கலை ஸூரிலேயே அற்றுப் போயிருந்தமையால் இலட்சத்தீவுகளிலிருந்து கயிறும் கயிற்றுத் தொழிலாளரும் வரவேண்டியிருந்தது. அபூ ஸைத் எழுதிய பயணம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தலைகீழாக நடந்தது எனலாம். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட ஸுஹார், கோழிக்கோடு, இலங்கை வழியாக 1981 ஜூலையில் சீனத்தின் காண்டன் துறைமுகத்தை அடைந்தது. இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடைப்பட்ட கடலில் காற்று திடீரெனத் திசை மாறி, பாய் மரத்தோடு அழுந்த, பெரும் பருமல் முறிந்தது. மாலுமிகள் அதை வெட்டிச் சீர்செய்து, குறுகிய பருமலில் சிறிய பாயைக் கட்டிப் பயணத்தை முடித்தனர்.

இரண்டாவது, 2010 பிப்ரவரியில் ஓமானிலிருந்து புறப்பட்டு கொச்சி, காலி வழியாக அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்த 'மஸ்கட்டின் மாணிக்கம்'. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-இல் கண்டெடுக்கப்பட்ட 9-ஆம் நூற்றாண்டுக் கலத்தின் எச்சங்களே அதற்கு முன்மாதிரி. முப்பது ஆண்டுகளில் ஆய்வு எவ்வளவு நகர்ந்திருந்தது என்பதை அதன் மரத்தைப் பார்த்தே அறியலாம். ஸுஹாரில் சாய்ந்த பருமல். இதிலோ சதுரப் பாய்.

இவ்வரலாற்றை அறிந்த பின் சிறுபடகு ஒன்றின் ஏற்றுகயிற்றைச் சீரமைப்பவரின் வேலையைப் பார்த்தால் அது புதிதாகத் தெரிவதில்லை. லக் பாய் கட்டிய சிறுபடகுகளை இன்றும் பலர் ஓட்டுகின்றனர். மர உச்சியில் வெறும் துளை, அதில் உராயும் ஒற்றைக் கயிறு: இதுவே அவற்றின் எளிய அமைப்பு. முதலில் துளைக்குப் பதில் சுழலும் உருளை வருகிறது; உராய்வு குறைகிறது; இறக்கும்போது பருமல் தன் எடையாலேயே விழுகிறது. ஏறுவதைவிட விழுவதே முக்கியம் என்பதைப் புயலில் சிக்கியவர் அறிவர்.

அடுத்து, கயிற்றின் முனையை மர உச்சியில் கட்டி, பருமலில் பொருத்திய கப்பி வழியே கொண்டுசென்று, மீண்டும் உச்சியின் உருளையில் ஏற்றிக் கீழே இறக்குகிறார்கள். இழுக்க வேண்டிய விசை பாதியாகிறது. கயிற்றின் நீளம் கூடுகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு பயன் உண்டு. ஒற்றைக் கயிற்றில் 20 கிலோ எடையை உச்சிக்கு இழுத்துத் தளத்தில் கட்டினால், பருமலின் எடையும் கட்டிய கயிற்றின் இழுப்பும் சேர்ந்து மர உச்சியை 40 கிலோ கீழ்நோக்கி அழுத்துகிறது. கப்பி சேர்த்த அமைப்பில் இந்த அழுத்தம் 30 கிலோவாகக் குறைகிறது. மெல்லிய மரம் கொண்ட படகுக்கு இது பெரிய உதவி.

பிறகு கயிறு. நைலான் வலிமையுடையது, ஆனால் தென்னங்கயிற்றைப் போலவே நீளும், ஆகவே இவ்வேலைக்கு உகந்ததன்று. பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே நீளும். அதைக் கட்டியவுடன் பாயின் முன்விளிம்பு இறுகி நிற்பதையும் படகு காற்றை நெருங்கிச் செல்வதையும் உடனே காணலாம். டைனீமா போன்ற புதிய இழைகள் இன்னும் விறைப்பானவை. இங்கேதான் தென்னங்கயிற்றின் மறுபாதிக் குணம் நினைவுக்கு வருகிறது. முன்பு கயிறு நீண்டு வாங்கிக்கொண்ட அடி, இப்போது நீளாத கயிற்றின் வழியே உருளையின் அச்சுக்கும், பருமலில் கயிறு பிணைந்த இடத்துக்கும், மரத்தின் அடிக்கும் நேரே போய்ச் சேர்கிறது. கயிறு அறுவதற்குப் பதில் பருமல் முறியலாம். கயிற்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற உறுப்புகளைப் பழையபடியே விடுபவர், அறுக்கும் இடத்தை மாற்றியிருக்கிறாரே தவிர அகற்றவில்லை. மாற்றுவது எளிதான கயிறே முதலில் அறட்டும் என்று விட்டுவைப்பதும் ஒரு முறைதான். பழைய நாகுதாக்கள் உபரிக் கயிற்றைச் சுமந்து சென்றதன் பொருள் அதுவே.

கடைசியாக, கட்டும் முறை. ஏற்றுகயிற்றின் முனையைத் தளத்தில் சுற்றிக் கட்டும்போது மேலே இறுக்கு முடிச்சுப் போடுவதில்லை. நனைந்து இறுகிய முடிச்சை இருட்டில் யாராலும் அவிழ்க்க முடியாது. முளையில் எட்டு வடிவில் சுற்றி, மீதிக் கயிற்றைச் சிக்கலின்றிச் சுருட்டித் தொங்கவிடுவார்கள். காற்று தாக்கும்போது எவர் கை எட்டினாலும், சுற்றுகளை உதறியவுடன் பாய் இறங்கிவிட வேண்டும்.